என்கிரிப்ஷன் போட்ட கணினியில் சாவி எங்கே இருக்கிறது?

ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டது இது. ரயிலில் லேப்டாப் பையோடு போய்விட்டது. விண்டோஸ் பாஸ்வேர்ட் போட்டிருந்தார். உள்ளே வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்கள், வருமான வரிக் கணக்குகள். பாஸ்வேர்ட் இருந்ததால் கவலைப்பட வேண்டாமா? இனி வாங்கும் லேப்டாப்பிலும் மொபைலிலும் காசு கொடுத்து என்கிரிப்ஷன் சாஃப்ட்வேர் போட வேண்டுமா? அது உண்மையில் என்னதான் செய்கிறது?

விண்டோஸ் பாஸ்வேர்ட் மட்டும்தான் இருந்தது என்றால் கவலைப்படத்தான் வேண்டும். பல லேப்டாப்களின் அடிப்பக்கத்தைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். உள்ளே ஃபைல்களைச் சேமித்து வைத்திருக்கும் எஸ்எஸ்டி என்ற டிரைவை எடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி உறையில் செருகி, வேறொரு கணினியில் மாட்டினால் சாதாரண பென் டிரைவ் மாதிரி திறக்கும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய் உங்கள் பெயரில் இருப்பதை கிளிக் செய்தால், அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும். அதிலேயே கன்டினியூ என்று ஒரு பட்டனும் இருக்கும். அதை அழுத்தினால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். உங்கள் பாஸ்வேர்டை யாரும் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? கேட்பது உங்கள் டிரைவில் இருக்கும் விண்டோஸ். அதை ஓடவே விடாமல் டிரைவை மட்டும் படித்தால் கேட்க ஆளில்லை. வாசலில் வாட்ச்மேன் நிற்கிறார், சுற்றுச்சுவர் கிடையாது, அவ்வளவுதான்.

இது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2006 மே மாதம் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் திருட்டு. போனது ஒரு லேப்டாப்பும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும். அதில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண்கள் என்கிரிப்ஷன் இல்லாமல் கிடந்தன. பொருள் அடுத்த மாதமே திரும்பக் கிடைத்தது, யாரும் அதைத் திறந்து பார்த்த தடயம் இல்லை என்றும் சொன்னார்கள். ஆனாலும் வழக்குகளை முடிக்க 2009இல் 2 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. 2017இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் பென் டிரைவ் ஒன்று தெருவில் கிடந்தது. கண்டெடுத்தவர் அருகிலிருந்த நூலகத்துக் கணினியில் செருகிப் பார்த்தார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபைல்கள் அப்படியே திறந்தன. பாஸ்வேர்டும் இல்லை, என்கிரிப்ஷனும் இல்லை. அடுத்த ஆண்டு 1,20,000 பவுண்டு அபராதம்.

சரி, என்கிரிப்ஷன் என்ன செய்கிறது? டிரைவில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டையும், எழுதுவதற்கு முந்தைய கணத்தில், ஒரு சாவியைக் கொண்டு அர்த்தமில்லாத பைட்டுகளாக மாற்றிவிடுகிறது. படிக்கும்போது அதே சாவியால் திருப்பி மாற்றுகிறது. உங்களுக்கு வேர்டு ஃபைல் வழக்கம்போலத் திறக்கும். ஆனால் டிரைவில் உட்கார்ந்திருப்பது எந்த நேரத்திலும் குப்பைதான். ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்தாலும் இரண்டு இடத்திலும் குப்பை வேறு வேறாக இருக்கும். டிரைவில் அந்தத் துண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் சேர்வதால்தான் அப்படி. எனவே எங்கெங்கே ஒரே விஷயம் திரும்ப வருகிறது என்றுகூட வெளியாள் கண்டுபிடிக்க முடியாது.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஏ.இ.எஸ். என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் உருவாக்கியது. திறந்த போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்து 2001இல் அமெரிக்கத் தரநிலையாக அறிவித்தார்கள். அதற்கு முன்பு 1977 முதல் இருந்த டி.இ.எஸ். முறையின் சாவி வெறும் 56 பிட், அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் 56. 1998இல் ஓர் அமைப்பு இதற்கென்றே ஒரு இயந்திரம் கட்டி மூன்று நாளுக்குள் அதை உடைத்துக் காட்டியது. ஏ.இ.எஸ்.ஸில் மிகக் குறைந்த சாவியே 128 பிட். நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைப் போட்டுப் பார்க்கும் இயந்திரம் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து முடிக்க, பிரபஞ்சத்தின் வயதைப் போல சுமார் 78 கோடி மடங்கு காலம் ஆகும். ஆகவே '256 பிட் ராணுவத் தரம்' என்று பெட்டியில் அச்சடித்து விற்பவர்களிடம் மயங்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் சாதாரண மொபைலிலும் பெரும்பாலும் அதே கணக்குதான் ஓடுகிறது. இந்த முறையின் விவரம் முழுவதும் வெளிப்படையானது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரகசியம் சாவியில் மட்டும்தான்.

இதனால் விவரம் தெரிந்த யாரும் ஏ.இ.எஸ்.ஸை உடைக்க நேரம் செலவழிப்பதில்லை, சாவியைத் தேடுகிறார்கள். என்கிரிப்ஷன் சாஃப்ட்வேர் நல்லதா மோசமா என்பதும் அது சாவியை எங்கே வைக்கிறது, யாரிடம் எப்போது கொடுக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இனி சொல்லப்போவது எல்லாம் சாவியைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் போடும் பாஸ்வேர்ட் நேரடியாக டிரைவின் சாவி அல்ல. முதல்முறை என்கிரிப்ஷனைப் போடும்போது கணினி தாறுமாறான எண் ஒன்றை உருவாக்கி, அதைத்தான் உண்மையான சாவியாக வைத்துக்கொள்கிறது. பிறகு உங்கள் பாஸ்வேர்டிலிருந்து இன்னொரு சாவியைத் தயாரித்து, அதைக் கொண்டு முதல் சாவியைப் பூட்டி டிரைவிலேயே ஓரிடத்தில் போட்டுவைக்கிறது. 1 டெராபைட் டிரைவாக இருந்தாலும் பாஸ்வேர்டை மாற்ற ஒரு நொடி போதும் என்பதற்குக் காரணம் இதுதான். மாறுவது வெளிச்சாவி மட்டும், உள்ளே உள்ள தரவில் ஒரு பைட்டும் மாறாது.

இங்கேதான் பலவீனமான பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் கெடுக்கும். தரவிறக்கிய இ-ஆதார் பிடிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் என்கிரிப்ட் செய்த ஃபைல்தான். ஆனால் பாஸ்வேர்ட் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், பின்னால் பிறந்த ஆண்டு. வாடிக்கையாளரின் பெயரையே ஃபைல் பெயராக வைத்திருந்தால் கண்டுபிடிக்க வேண்டியது ஆண்டு மட்டும், அதிகபட்சம் நூறு வாய்ப்பு. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும். கூட்டத்தில் ஒருவரின் ஆதாரை எளிதில் திறக்கவிடாமல் செய்ய அது உதவும், ஆனால் ஆயிரம் ஆதார் கொண்ட லேப்டாப் ஒருவர் கையில் கிடைக்கும்போது அதை நம்ப முடியாது.

நல்ல மென்பொருள்கள் வேண்டுமென்றே ஒவ்வொரு பாஸ்வேர்ட் முயற்சியையும் மெதுவாக்குகின்றன. லினக்ஸில் டிரைவைப் பூட்டும் மென்பொருளான லக்ஸின் இரண்டாம் பதிப்பு இதற்கு ஆர்கான்2 என்ற முறையைப் பயன்படுத்துகிறது. 2015இல் முடிந்த ஒரு பாஸ்வேர்ட் போட்டியில் வென்ற முறை அது. ஒவ்வொரு முயற்சிக்கும் நிறைய நினைவகத்தையும் நேரத்தையும் வாங்கும். ஆயிரக்கணக்கான முயற்சிகளை ஒரே நேரத்தில் ஓட்ட நினைப்பவருக்கு அது பெரிய செலவு. உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை ஓரிரு நொடி தாமதம், அவ்வளவுதான்.

மொபைலில் யாரும் நீளமான பாஸ்வேர்ட் போடுவதில்லை. ஆறு இலக்கம், பலருக்கு நான்கு இலக்கம். நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் வாய்ப்புதான். ஐபோனில் ஒரு முயற்சிக்குச் சுமார் 80 மில்லி நொடி ஆகும்படி கணக்கை அமைத்திருக்கிறார்கள். வேறு தடை எதுவும் இல்லையென்றால் நான்கு இலக்கத்தைக் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஆறு இலக்கத்துக்கு ஒரு நாள். அப்படியானால் மொபைல் எப்படித் தாங்குகிறது? இரண்டு காரணம். சிப்புக்குள்ளேயே தயாரிப்பின்போது பதித்த ஒரு ரகசிய எண் இருக்கிறது. உங்கள் பின் நம்பர் அதோடு சேர்ந்துதான் சாவியாகிறது. அந்த எண்ணை மென்பொருளால் வெளியே படிக்க முடியாது. எனவே நினைவகச் சிப்பை நகலெடுத்துப் பெரிய கணினியில் வைத்து முட்டிப்பார்க்க வழியில்லை, அந்த மொபைலிலேயேதான் முயல வேண்டும். அடுத்தது, தவறாகப் போடப் போட மொபைல் காத்திருக்க வைக்கும். ஐபோனில் ஒரு செட்டிங் போட்டிருந்தால் பத்தாவது தவறில் சாவியையே அழித்துவிடும்.

2016இல் உலகமே பார்த்த சான் பெர்னார்டினோ வழக்கில் சண்டை இதைப் பற்றித்தான். 2015 டிசம்பரில் 14 பேரைக் கொன்றவர்களில் ஒருவரின் ஐபோன் 5சி எஃப்.பி.ஐ. கையில் இருந்தது. ஏ.இ.எஸ்.ஸை உடைத்துத் தாருங்கள் என்று ஆப்பிளிடம் யாரும் கேட்கவில்லை. பத்து முறை எண்ணிக்கையையும் காத்திருப்பையும் நீக்கிய ஒரு சிறப்பு மென்பொருளை எழுதித் தாருங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் நீதிமன்ற உத்தரவு சொன்னது. ஆப்பிள் மறுத்தது. அடுத்த மாதம் வெளியார் ஒருவர் உதவியுடன் மொபைலைத் திறந்துவிட்டதாகச் சொல்லி அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. இதில் கவனிக்க வேண்டியது, 5சியில் அந்தக் காத்திருப்பை நடத்தியது முதன்மை மென்பொருள். 5சியோடு 2013இலேயே வந்த 5எஸ் முதல் செக்யூர் என்க்ளேவ் என்ற தனிச் சிப் பகுதி வந்தது, பிறகு அந்தப் பொறுப்பும் அதனிடம் போனது. ஆண்ட்ராய்டில் பிக்சல், சாம்சங் உயர்விலை மாடல்களிலும் இதே வேலைக்குத் தனிச் சிப் உண்டு. மிக மலிவான மொபைலுக்கும் விலை கூடியதற்கும் பாதுகாப்பில் உண்மையான வித்தியாசம் இங்கேதான். என்கிரிப்ஷன் கணக்கில் இல்லை.

அந்தக் கணக்கைக்கூட மலிவு மொபைலுக்காகத் தனியாக யோசித்திருக்கிறார்கள். ஏ.இ.எஸ்.ஸுக்கென்று தனி வசதி இல்லாத பிராசஸர்களில் அது மெதுவாக ஓடும். அதனால் பல ஆண்டுகள் மலிவு ஆண்ட்ராய்டு மொபைல்கள் என்கிரிப்ஷன் இல்லாமலே விற்கப்பட்டன. 2019இல் கூகுள் அடியான்டம் என்ற வேறொரு முறையை வெளியிட்டது. அந்தச் சிப்களிலும் அது வேகமாக ஓடும். ஆண்ட்ராய்டு 10 முதல், அந்தப் பதிப்போடு புதிதாக வரும் எல்லா மொபைலிலும் என்கிரிப்ஷன் கட்டாயம். எனவே மொபைலுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். திரைப்பூட்டுப் போட்டால் போதும். போடாமல் விட்டால்? தரவு அப்போதும் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும், ஆனால் மொபைலை எடுத்தவருக்கெல்லாம் அது சாவியைக் கொடுத்துவிடும்.

உங்கள் மொபைலிலேயே சாவியின் நடமாட்டத்தைப் பார்க்கலாம். மொபைலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பின் நம்பர் போடாமல் அப்படியே வையுங்கள். வேறொரு எண்ணிலிருந்து வீட்டு ஆள் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். அழைப்பு வரும், ஆனால் பெயர் வராது, வெறும் எண் மட்டும் தெரியும். காலை அலாரம் அடிக்கும். கைரேகை வேலை செய்யாது, பின் நம்பர் போடு என்று சொல்லும். தொடர்புகளின் பெயர்கள் இன்னும் பூட்டிய பகுதிக்குள் இருப்பதால்தான் இப்படி. அழைப்பு எடுக்கவும் அலாரம் அடிக்கவும் தேவையானது மட்டும் சாதனத்தின் சொந்தச் சாவியால் திறக்கும் தனிப் பகுதியில் இருக்கிறது. உங்கள் பின் நம்பர் விழுந்த பிறகுதான் மற்றதன் சாவி பிறக்கிறது. ஒருமுறை திறந்துவிட்டால், பிறகு திரையைப் பூட்டினாலும் பெரும்பாலான சாவிகள் மொபைலின் நினைவகத்திலேயே இருக்கும். ஐபோனில் சில வகைத் தரவுகளுக்கு மட்டும் பூட்டிய பத்து நொடிகளில் சாவியைத் தூக்கி எறிந்துவிடும்.

காவல்துறைகளுக்கு மொபைல் திறக்கும் கருவி விற்கும் நிறுவனங்களுக்கும் இந்த இரண்டு நிலைதான் முக்கியம். ஒருமுறை திறந்து பூட்டிய மொபைலில் எடுக்க முடிவதில் சிறு பங்குகூட, ரீஸ்டார்ட் ஆகித் திறக்காத மொபைலில் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் 2024இல் ஐஓஎஸ் 18.1இல் ஆப்பிள் ஒரு விஷயம் சேர்த்தது: மூன்று நாள் யாரும் திறக்காவிட்டால் ஐபோன் தானே ரீஸ்டார்ட் ஆகும். 2025இல் கூகுளும் இதைக் கொண்டுவந்தது. விமான நிலையம், கூட்டம், திருவிழா என்று எங்கே போவதானாலும் மொபைலை அணைத்து எடுத்துப் போவதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

இப்போது லேப்டாப்புக்கு வருவோம். டிரைவை என்கிரிப்ட் செய்ய விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். மூன்றும் கூடவே வருபவை, காசு வேண்டாம். பிட்லாக்கரின் முழு வடிவம் புரோ பதிப்பில் இருக்கிறது. ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அதன் சுருக்கம் உண்டு. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் பாருங்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால், பெரும்பாலான கணினிகளில் அது தானாகவே இயங்கிவிடும். ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் கணக்கில் ஓட்டினால், டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கும், ஆனால் சாவியும் டிரைவிலேயே பூட்டாமல் கிடக்கும். கணக்கில் நுழைந்த பிறகுதான், வழக்கமான வழியில் திறக்காதபோது உதவும் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் சர்வரில் ஏற்றிவிட்டு, அந்தத் திறந்த சாவியை அழிக்கும். அதுவரை பேருக்குத்தான் என்கிரிப்ஷன்.

தொலைந்த லேப்டாப்புக்கு இதில் ஒரு பயன் உண்டு. வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைஸ்கள் பக்கத்தில் அந்த லேப்டாப்பின் பெயரில் பிட்லாக்கர் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். 48 இலக்க எண்ணாக இருக்கும். இருந்தால் டிரைவ் பூட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் திறந்திருந்தது என்றே வைத்துக்கொண்டு, பிரவுசரில் சேமித்த எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், மெயிலில் எல்லா இடத்திலும் லாக்அவுட் செய்யுங்கள், போலீசில் புகார் கொடுத்து அலுவலகத்துக்கும் வாடிக்கையாளர்களுக்கும் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தகுந்த பாதுகாப்பு எடுக்காததற்கு உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். ஒரு லேப்டாப்புக்கு அவ்வளவு வராது, ஆனால் 'பாஸ்வேர்ட் போட்டிருந்தோம்' என்ற பதில் எடுபடாது என்று புரிந்துகொள்ள அந்த எண் போதும்.

சாதாரண பிட்லாக்கரில் சாவியை வைத்திருப்பது மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சிப். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ், பூட் லோடர் எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கிறதா என்று அளந்து பார்க்கும். சரியாக இருந்தால் யாரையும் கேட்காமல் சாவியை விட்டுவிடும். நீங்கள் விண்டோஸ் பாஸ்வேர்ட் போடும் திரை வருவதற்கு முன்பே டிரைவ் திறந்தாகிவிட்டது என்று அர்த்தம். டிரைவை மட்டும் கழற்றிப் போனவருக்கு ஒன்றும் கிடைக்காது. முழு லேப்டாப்பையும் கையில் வைத்திருப்பவருக்கு வாய்ப்பு உண்டு. 2024இல் ஒரு ஆய்வாளர், டிபிஎம் தனிச் சிப்பாக இருந்த ஒரு பழைய லேப்டாப்பில், ராஸ்பெரி பை பிகோ என்ற சில நூறு ரூபாய்ச் சின்னக் கணினிப் பலகையைத் தொடவைத்து, டிபிஎம்முக்கும் பிராசஸருக்கும் இடையே ஓடும் சாவியை ஒரு நிமிடத்துக்குள் படித்துக் காட்டினார். பிராசஸருக்குள்ளேயே டிபிஎம் இருக்கும் புதிய கணினிகளில் அந்தக் கம்பி வெளியே கிடையாது. புரோ பதிப்பில், தொடங்கும்போதே ஒரு பின் நம்பர் கேட்கும்படி வைக்கலாம். வாடிக்கையாளர் ஆவணங்கள் சுமக்கும் லேப்டாப் என்றால் அதை வைத்துவிடுங்கள் என்பேன்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. மூடியை மூடினால் லேப்டாப் தூங்குகிறது, சாவி தூங்குவதில்லை. 2008இல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், தூசி ஊதும் கேனைத் தலைகீழாகப் பிடித்து ரேமைக் குளிரவைத்து, மின்சாரம் போன பிறகும் அதில் இருப்பதை நிமிடக்கணக்கில் காப்பாற்றி, சாவியை எடுத்துக் காட்டினார்கள். இன்றைய மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைப்பதால் இது கடினம். ஆனால் வழியில் போகும்போது ஸ்லீப்பில் போடாமல் ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிரைவில் எழுதிவிட்டு அணைவது) செய்யுங்கள், இல்லை அணையுங்கள்.

ஓடும் கணினியின் நிலைமைக்கு மிகப் பிரபலமான உதாரணம் சில்க் ரோடு வழக்கு. போதைப்பொருள் விற்ற அந்த இணையச் சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்டை 2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நூலகத்தில் பிடித்தார்கள். அவருடைய லேப்டாப் முழுவதும் என்கிரிப்ட் ஆனது. மூடிவிட்டால் போச்சு என்று காவலர்களுக்குத் தெரியும். சாதாரண உடையில் வந்த இரண்டு பேர் காதலர்கள் போலப் பின்னால் நின்று சண்டை போட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்த நொடியில் திறந்திருந்த லேப்டாப்பை இழுத்துக்கொண்டார்கள். உலகத்தின் எந்த என்கிரிப்ஷனும் அங்கே உதவவில்லை, ஏனென்றால் எல்லாம் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

வைரஸும் அப்படித்தான். நீங்கள் லாகின் செய்து வேலை பார்க்கும்போது உள்ளே வந்த மால்வேருக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தெரியும். ரான்சம்வேர் வந்தால் பிட்லாக்கர் தடுக்காது. அது உங்கள் ஃபைல்களின் மேல் தன்னுடைய சாவியால் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டுக் காசு கேட்கும். அதற்குத் தனி பேக்கப் தவிர வேறு வழியில்லை.

டிரைவுக்குள்ளேயே என்கிரிப்ஷன் இருக்கிறது என்று சொல்லும் எஸ்எஸ்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரூஷியல், சாம்சங் டிரைவ்கள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். சிலவற்றில் பாஸ்வேர்டுக்கும் சாவிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாஸ்வேர்ட் சரியா என்று டிரைவ் சும்மா ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திறந்தது. விஷயம் என்னவென்றால், அப்போது பிட்லாக்கர் அந்த டிரைவ்களை நம்பித் தன் வேலையை அவற்றிடமே விட்டிருந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை மாற்றி, இயல்பாகவே மென்பொருள் என்கிரிப்ஷனைப் பயன்படுத்தும்படி செய்தது. வேகம் குறையுமே என்ற பயம் வேண்டாம். 2010 வாக்கில் இன்டெல் பிராசஸர்களில் ஏ.இ.எஸ்.ஸுக்கென்றே தனிக் கட்டளைகள் வந்துவிட்டன. அலுவலக வேலையில் வித்தியாசம் தெரியாது.

பென் டிரைவுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் பிட்லாக்கர் டு கோ இருக்கிறது. புரோ பதிப்பில் பூட்டினால் ஹோம் பதிப்பில் பாஸ்வேர்ட் போட்டுத் திறக்கலாம். மேக், லினக்ஸ் என்று மாறி மாறிச் செருகுபவர்கள் வெராகிரிப்ட் பயன்படுத்தலாம், இலவசம், மூலநிரல் திறந்தது. அதன் முன்னோடியான ட்ரூகிரிப்டை 2014 மே மாதம் எழுதியவர்களே கைவிட்டார்கள். இன்னும் பழைய கணினிகளில் அதைப் பார்த்தால் தூக்கிவிடுங்கள். ஆவணத்தை அனுப்ப மட்டும் என்றால் செவன்-ஜிப் (7-Zip) என்ற மென்பொருளில் நீளமான பாஸ்வேர்டோடு சுருக்கி மெயிலில் அனுப்பிவிட்டு, பாஸ்வேர்டை போனில் சொல்லுங்கள். அதே மெயிலில் இரண்டாவது வரியாக எழுதும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது, என்ன சொல்ல.

சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மொபைலுக்குள் எல்லாம் பூட்டியிருக்கும், அதன் பேக்கப் கிளவுடில், நிறுவனத்தின் சர்வரில், நிறுவனத்தின் சாவியோடு இருக்கும். ஐகிளவுட் பேக்கப்பில் இயல்பாகச் சாவி ஆப்பிளிடமும் உண்டு. 2022 முடிவில் வந்த அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷனைப் போட்டால்தான் உங்களிடம் மட்டும் இருக்கும். வாட்ஸ்அப் உரையாடல் 2016 முதல் முழுக்க மறைக்கப்பட்டதுதான், ஆனால் பேக்கப்பை அதுபோல மறைக்கும் வசதி 2021இல்தான் வந்தது, அதையும் நீங்களே போய்ப் போட வேண்டும். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவின்படி உரிய அரசு அதிகாரி உத்தரவிட்டால் தரவைத் திறந்துகாட்ட உதவ வேண்டும், மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை.

அப்புறம், பூட்டியதை நீங்களே திறக்க முடியாமல் போவது. நிஜ வாழ்க்கையில் திருடனால் வரும் இழப்பைவிட இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பயாஸ் அப்டேட் செய்வார்கள், மறுநாள் காலை நீலத் திரையில் 48 இலக்கம் கேட்கும், என்கிரிப்ஷன் போட்டிருப்பதே தெரியாது என்பார்கள். எந்த மெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கினோம் என்பதும் மறந்திருக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தபோது, பல நிறுவனங்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் இந்த 48 இலக்கத்தைத் தட்ட வேண்டியிருந்தது. சாவிகளைச் சேமித்த சர்வரே சாய்ந்து கிடந்த இடங்களும் உண்டு. ஸ்டீஃபன் தாமஸ் என்ற நிரலாளரின் கதை 2021இல் செய்தியானது: பத்து முறை தவறினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் ஐயர்ன்கீ பென் டிரைவில் 7,002 பிட்காயினுக்கான சாவி, பாஸ்வேர்ட் எழுதிய தாள் தொலைந்துவிட்டது, பத்து முயற்சியில் எட்டு முடிந்துவிட்டது. அந்த 48 இலக்கத்தை அச்செடுத்து, லேப்டாப் பையில் அல்லாமல், வீட்டில் சொத்துப் பத்திரங்களோடு வையுங்கள்.

இதன் இன்னொரு முகம் ரிப்பேர் கடையில் தெரியும். தண்ணீரில் விழுந்த மொபைலின் நினைவகச் சிப்பைக் கழற்றிப் படித்து போட்டோக்களை மீட்பது ஒரு காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் நடக்கிற காரியம். இப்போது அந்தச் சிப்பில் குப்பைதான் இருக்கும். சாவி பிராசஸரோடு பிணைந்தது, அதனால் போர்டையே உயிர்ப்பிக்க வேண்டும், அதன்பின் பின் நம்பரும் வேண்டும். 'டேட்டா முழுசா எடுத்துத் தர்றோம்' என்று செத்துப்போன போர்டுக்கு முன்பணம் கேட்டால் யோசியுங்கள்.

அதே காரணத்தால் மொபைலை விற்பது எளிதாகிவிட்டது. ஃபேக்டரி ரீசெட் சில நிமிடத்தில் முடிகிறதே, 128 ஜிபியையும் அழித்திருக்குமா என்று கேட்கிறார்கள். அழிப்பது சாவியை மட்டும்தான், அது போனால் மீதி எல்லாம் நிரந்தரக் குப்பை. ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகு வந்த மொபைலுக்கும், இப்போது புழக்கத்தில் உள்ள எந்த ஐபோனுக்கும் இது போதும். விற்கும் முன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை வெளியேற்ற மட்டும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் திறக்க முடியாமல் திரும்பி வருவார். என்கிரிப்ஷனே போடாமல் ஐந்தாறு ஆண்டு ஓட்டிய லேப்டாப் வேறு. எஸ்எஸ்டி தன் தேய்மானத்தைச் சமன்செய்ய ஃபைல்களை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலே எழுதி அழித்தாலும் பழைய துண்டுகள் எங்காவது மிஞ்சியிருக்கலாம். அப்படிப்பட்டதை விற்க வேண்டுமானால் தயாரிப்பாளர் தரும் செக்யூர் இரேஸ் கருவியை ஓட்டுங்கள். வாடிக்கையாளர் ஆவணங்கள் இருந்த டிரைவ் என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு லேப்டாப்பை மட்டும் விற்றுவிடுங்கள்.